குடும்பமாய்ப் புறப்படும் முன்



ஏப்ரல் மாதத்தில் பிள்ளைகளின் தேர்வுகள் முடிந்ததும் அல்சூரின் சந்துகளில் விடியுமுன் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வாசலில் டெம்போ டிராவலர் வேன் நிற்கும். அதன் கூரையில் பாய்களும் அண்டாவும் தார்ப்பாயும் கட்டப்பட்டிருக்கும். இரண்டு மூன்று குடும்பங்கள் வேனைச் சுற்றி நின்று கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். 1809-இல் பெங்களூர் கண்டோன்மென்ட் ஏற்பட்டது முதல் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புக்காக வந்து தங்கிய பகுதி இது. விடுமுறை என்றால் சொந்த ஊர் என்பதே நம் பழைய வழக்கம். இன்று பலருக்கு ஊரில் வீடும் இல்லை, வரவேற்கப் பாட்டியும் இல்லை. ஆகவே சபைக் குடும்பங்கள் சேர்ந்து ஏற்காட்டுக்கோ ஒகேனக்கலுக்கோ புறப்படுகின்றன.

மேல்நாடுகளில் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே மாட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் இருக்கும். டிரெயிலர் என்றும் கேரவன் என்றும் அதைச் சொல்வார்கள். நமக்குக் கேரவன் என்றதும் சினிமாக்காரர் இளைப்பாறும் வண்டிதான் நினைவுக்கு வருகிறது! கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. எனினும் நம் மலைப்பாதைகளின் வளைவுகளில் பின்னால் ஒரு வண்டியை இழுத்துத் திரும்புவது எளிதல்ல. அல்சூர்க் குடும்பத்துக்கு வாடகை வேனே கேரவன்.

பெந்தெகொஸ்தே மக்களுக்கு இவ்விதப் பயணம் புதிதன்று. ஏமி செம்பிள் மெக்பெர்சன் அம்மையார் 1918-இல் தம் தாயாரையும், எட்டும் ஐந்தும் வயதான இரு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வரை சென்றார். நல்ல சாலைகள் இல்லாத காலம் அது. உலகமெங்கும் விஷக்காய்ச்சல் பரவியிருந்த ஆண்டும் அதுவே.

அதற்கும் வெகு காலத்துக்கு முன் குடும்பத்தோடு பிரயாணம் செய்த ஒருவரை ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஏசா தன் தம்பியை உடன் வரும்படி அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் கறவையானவை, ஒரு நாள் அதிகமாய் ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்று சொல்லித் தமையனை முன்னே அனுப்பிவிடுகிறான். தான் பிள்ளைகளால் எவ்வளவு நடக்கக்கூடுமோ அவ்வளவே நடக்கிறான். பின்பு சுக்கோத்தில் தங்குகிறான். சுக்கோத் என்றால் கூடாரங்கள் என்று பொருள்.

இந்த நிதானம் நம் பயணங்களில் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் முடிந்து, காலை மூன்று மணிக்கு அப்படியே வேனில் ஏறிப் புறப்படும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாம் ஏறியதும் உறங்கிவிடுவோம். ஆனால் வண்டி ஓட்டும் சகோதரரும் நம்மோடு இரவெல்லாம் விழித்திருந்தவர்தானே! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அவர் கண்கள் நான்கு விநாடி மூடினால் வேன் ஏறத்தாழ 67 மீட்டர் தூரம் ஓட்டுபவரின்றி ஓடிவிடும். மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையையே பொதுவாக வரையறுத்திருந்தது. உபாகமம் 16-ஆம் அதிகாரத்தில் கூடாரப் பண்டிகையில் சந்தோஷப்பட வேண்டியவர்களின் வரிசையில் குமாரனோடும் குமாரத்தியோடும் வேலைக்காரனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஓட்டுநருக்குப் படுக்க இடமும் நேரத்துக்கு உணவும் உண்டா என்று முதலாவது பாருங்கள். வேனில் ஓர் இடம் மீதியிருந்தால், விடுமுறை என்று எங்கும் சென்றறியாத விதவைத் தாயாரையும் அவர் பிள்ளையையும் அழையுங்கள்.

வண்டி மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். வாடகை சற்றுக் குறைவு என்று வெள்ளை போர்டு வேனை அமர்த்தினால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது அரிது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட பெர்மிட் உண்டா, ஸ்டெப்னியில் காற்று உண்டா என்பதை முந்தின நாளே கேளுங்கள். ஜெபித்துப் புறப்படுகிறோமே, போதாதா என்பவர்கள் உண்டு. நெகேமியா ஜெபமும் பண்ணினார், ஜாமக்காரரையும் நிறுத்தினார்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வரை சாலை நேரானது. தருமபுரியைக் கடந்ததும் தொப்பூர்க் கணவாய் இறக்கம் வருகிறது. டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்கிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன் சென்ற வண்டிகள்மேல் மோதிய விபத்துகள் இங்கு அநேகம். நம் வேன் தாழ்ந்த கியரில் மெதுவாய் இறங்கட்டும். பின்னால் ஹாரன் அடிப்பவர் முன்னே போகட்டும், ஏசாவைப்போல. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பிள்ளைகளுக்கு வாந்தி வரும் இடம் அதுவே. மலையடிவாரத்தில் வயிறு நிறைய பூரி வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனிச் சொல்வது மிக முக்கியமானது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இரவில் குளிரும். அறை வாடகையை மிச்சப்படுத்த வேனிலேயே சிலர் படுக்கிறார்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கரியடுப்பையோ சிறிய கேஸ் அடுப்பையோ உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றியது. லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் தங்கியிருந்த அப்பெட்டிக்குள் விதிகளை மீறிக் கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டரே காரணம். ஒன்பது பேர் மாண்டார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இருவர் இறந்து கிடந்தார்கள். அங்கே தீயும் இல்லை, காயமும் இல்லை. ஜெனரேட்டரின் நச்சுவாயு வண்டிக்குள் புகுந்திருந்தது.

கார்பன் மோனாக்சைடு என்னும் அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தம் பிராணவாயுவை விட்டு இதைப் பற்றிக்கொள்வதால், உறங்குகிறவர் விழிக்காமலே இறந்துபோகிறார். கரியடுப்பு, கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர், ஏ.சி.க்காக ஓடவிடப்பட்ட இன்ஜின் ஆகிய எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. சமையல் வெட்டவெளியில், வண்டியை விட்டுத் தள்ளியே நடக்கட்டும். குளிருக்குக் கம்பளி போதும். தலைவலியும் மயக்கமும் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால், உடனே அனைவரையும் வெளியே இறக்கித் திறந்த காற்றில் அமர்த்தி, 108-ஐ அழையுங்கள்.

நாளைக் குறிப்பதிலும் ஒரு வார்த்தை. மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும் நாட்களில் மலைப்பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், அறையும் கிடைக்காது. அதற்கு முன்னரே, ஞாயிறு ஆராதனையை முடித்து இரவு நன்றாய் உறங்கி, திங்கட்கிழமை விடிந்தபின் அல்சூரை விட்டால், வழியில் இரண்டு முறை இறங்கி இளைப்பாறியும் மதிய உணவுக்கு ஏற்காடு ஏரிக்கரையில் இருக்கலாம்.