கடலைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்!

கத்திரி வெயில் ஆரம்பமாகிவிட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். விசிறி சுழல்கிறது, ஆனால் அது அனலைத்தான் வாரி இறைக்கிறது. பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. "ஒரு நாள் சமுத்திரத்துக்குப் போய் வரலாம்" என்று குழந்தைகள் விண்ணப்பம் போடுகிறார்கள். பாட்டியும் அந்த விண்ணப்பத்தை ஆதரிக்கிறாள். தகப்பனார் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். அம்மா புளியோதரைக்கு அரிசி களைகிறாள். நாள் பார்த்தாகிவிட்டது, பஸ் பார்த்தாகிவிட்டது, சாப்பாடும் பார்த்தாகிவிட்டது. பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது கடல்!

"கடலை அங்கே போய்த்தானே பார்க்க முடியும்?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு தேங்காய் மட்டை நமது எண்ணத்தை மாற்றியது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம். சங்க காலத்து எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் இங்கேதான். ஊரை ஒட்டி உப்பளங்கள் வெயிலில் பளபளக்கின்றன. நாம் எந்த வெயிலைச் சபித்துக்கொண்டு கடலுக்கு ஓடுகிறோமோ, அதே வெயிலை நம்பித்தான் அங்கே உப்பு விளைகிறது. உப்பளங்களுக்கு அப்பால் மணல். மணலுக்கு அப்பால் வங்கக் கடல்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வைகாசி மாதக் காலையில், குடும்ப சகிதமாய் அந்த மணலில் போய் இறங்கினோம். வானத்தில் மேகம் இல்லை. காற்றும் பலமில்லை. இருந்தபோதிலும் அலைகள் வரிசை வரிசையாய் வந்து, இரைச்சலுடன் உடைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் ஒரு சந்து போல நுரையே இல்லாமல் நீர் அமைதியாய்க் கிடந்தது. "பயமில்லாத இடம் அதுதான்" என்று தீர்மானித்து, குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்றோம். பக்கத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெரியவர் எழுந்து வந்தார்.

"ஐயா, பிள்ளைங்களை அங்கே இறக்காதீங்க" என்றார்.

"ஏன் பெரியவரே? அங்கேதான் அலையே இல்லையே?"

"அலை இல்லாத இடந்தாங்க ஆளை இழுக்கும்."

நமது முகத்தில் சந்தேகத்தைக் கண்டார் போலும். மணலில் கிடந்த இரண்டு தேங்காய் மட்டைகளை எடுத்தார். ஒன்றை அலை உடையும் இடத்தில் எறிந்தார். அது இரண்டு புரண்டு புரண்டு, நம் காலடிக்கே திரும்பி வந்தது. மற்றொன்றை அந்த அமைதியான சந்தில் எறிந்தார். அது கரையை விட்டு விலகியது. அவசரமில்லாமல், ஆனால் நில்லாமல், அலைகள் உடையும் கோட்டையும் தாண்டிக் கடலுக்குள் போயிற்று. நாம் பேச்சற்று நின்றோம். அந்த மட்டை இருந்த இடத்தில் நமது குழந்தை இருந்திருந்தால்?

*

பெரியவர் காட்டியது மந்திரமல்ல, சாதாரணக் கணக்குத்தான். அலைகள் ஓயாமல் கரைக்கு நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வந்த நீர் திரும்பிப் போக வழி வேண்டுமல்லவா? மணல் திட்டுக்களுக்கு இடையே பள்ளமான ஒரு சந்தைத் தேடிக்கொண்டு, அதன் வழியாய்க் கூடித் திரும்புகிறது. பள்ளத்தில் ஆழம் அதிகமாதலால் அலை அங்கே உடைவதில்லை, நுரையும் எழுவதில்லை. அதனாலேயே அது சாந்தமாகத் தோன்றுகிறது. இந்த இழுப்பு நீர் வலுத்துவிட்டால் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்துக்கும் மேல் போகும். ஒலிம்பிக் பந்தயத்தில் நீந்துபவர்களின் வேகமும் ஏறக்குறைய அதுதான். நம் ஊர்க் கிணற்றிலும் ஏரியிலும் நீச்சல் கற்றவர்கள் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்துவது எப்படி?

ஆகவே இந்த ஒன்றை வீட்டில் ஒவ்வொருவரும் நெட்டுருப் போட்டுக்கொள்ள வேண்டும். இழுப்பு நீரில் அகப்பட்டவன் கரையை நோக்கி நேரே நீந்தக் கூடாது. அந்த நீர் ஆளை வெளியே கொண்டுபோகுமே தவிர, அடியில் அமிழ்த்துவதில்லை. அதனுடன் போராடிக் களைத்துப் போவதுதான் உயிரைக் குடிக்கிறது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, பிறகு உடையும் அலைகளோடு கரை சேர வேண்டும். கரையில் நிற்பவர்களும் பதறிப்போய்க் கூடவே குதித்துவிடக் கூடாது. கயிறு, மூடிய காலித் தகரம், மிதக்கும் கட்டை எதையாவது எறிய வேண்டும். மீனவர்களைக் கூவி அழைக்க வேண்டும். 112 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் மாண்ட செய்திகளை நாம் வருஷந்தோறும் படிக்கிறோம் அல்லவா?

*

அன்று நமக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. காற்றே இல்லாதபோது அத்தனை பெரிய அலைகள் எங்கிருந்து வந்தன?

அலை இரு வகை. நம் கண்முன் அடிக்கும் காற்று எழுப்புவது ஒன்று. அது சிலுசிலுவென்று கலைந்து வரும். ஓர் அலைக்கும் மறு அலைக்கும் இடையே ஐந்தாறு விநாடிதான் இருக்கும். மற்றொன்று தொலைதூரத்திலே புயலில் பிறந்து, காற்று நின்ற பின்னும் பயணத்தை நிறுத்தாத நெடும்பயண அலை. அதன் இடைவெளி 12 விநாடி, 15 விநாடி, சில சமயம் அதற்கும் மேல். 15 விநாடி இடைவெளியுள்ள அலைக் கூட்டம் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் கடக்கும். நமக்குக் கோடை என்றால் பூமியின் தென்கோடியில் குளிர்காலம் நெருங்குகிறது; அங்கே கடும் புயல்கள் உண்டாகும் பருவம் அது. தென்கோடியில் இந்த வாரம் அடித்த புயல், அடுத்த வாரம் நமது கரையில் வந்து நுரை கக்குகிறது. இலங்கைத் தீவு குறுக்கே நிற்பதால் நம் பகுதிக்கு வரும் வேகம் ஓரளவு தணிகிறது என்பது மெய். ஆனால் அறவே நின்றுவிடுவதில்லை.

இதன் கொடுமையைத் தமிழ்நாடு 2024-ஆம் வருஷம் கண்டது. ஏப்ரல் இறுதியில் தென்கடலில், இந்தியக் கரைக்குச் சுமார் 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த அலைகள், மே முதல் வாரத்தில் குமரிக் கரையை அடைந்தன. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஆயினும் மே 6-ந் தேதி, கன்னியாகுமரி ஜில்லா கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலைக்கு இரையானார்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் நேர்ந்த விபரீதம் இது. கேரளத்து மீனவர்கள் இத்தகைய கடலுக்குக் "கள்ளக்கடல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருடனைப் போல அரவமின்றி வருகிறது என்பது பொருள். விஞ்ஞானிகள் வேறு பெயர் தேடவில்லை. 2012-ல் யுனெஸ்கோ அந்த மலையாளச் சொல்லையே அங்கீகரித்தது. கடலை அறிந்தவர் சொல் உலகச் சொல்லாகிவிட்டது. நமது கட்டுமரமும் இங்கிலீஷ் அகராதியில் ஏறியிருக்கிறது அல்லவா?

ஆகையால், புறப்படுமுன் அந்த மையத்தின் கடல் நிலை அறிக்கையைப் பாருங்கள். கையிலுள்ள தொலைபேசியிலேயே பார்க்கலாம். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று அலையின் உயரம். ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் ஒரு மீட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய அலைகளான மூன்றிலொரு பங்கின் சராசரி அது. இடையிடையே அதைப் போல் இரண்டு மடங்குக்கு நெருங்கிய அலையும் வரும். இரண்டாவது, விநாடிக் கணக்கு. உயரம் ஒன்றேயானாலும், 6 விநாடி அலையை விட 15 விநாடி அலைக்குப் பலம் அதிகம். உயரம் சொற்பமாயிருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. எச்சரிக்கை இருந்தால் புளியோதரையை வீட்டு மொட்டை மாடியில் சாப்பிடுவதே உத்தமம்.

*

இனிக் காற்றுக்கு வருவோம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நம் முன்னோர் நான்கு திசைக்கும் பெயரிட்டார்கள். மேல்காற்றின் பெயரையே பருவத்தின் பெயராகவும் வழங்குகிறோம். எத்தனை பொருத்தம்!

கோடை நாளில் விடியற்காலையில் நிலத்துப் பக்கமிருந்து காற்று மெல்லக் கடலை நோக்கிப் போகும். அப்போது அலைகளின் முகம் வாரி விட்ட தலைபோல் சீராயிருக்கும். கோட்டக்குப்பத்துக்கு அருகிலும் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகையின்மேல் நின்று அலையேறும் இளைஞர்கள் சூரியோதயத்துக்கு முன்பே வந்து நிற்பதன் ரகசியம் இதுதான். 2025 ஆகஸ்டில் ஆசிய நாடுகளின் அலையேற்றப் போட்டி மாமல்லபுரத்திலே நடந்தது. உலகம் இதைப் புதிய விளையாட்டு என்று கொண்டாடுகிறது. கட்டுமரத்தின்மேல் நின்று இதே அலைகளைத் தாண்டிப் போய், இதே அலைகளின்மேல் ஏறிக் கரைக்கு வந்த நம் மீனவர்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பு.

வெயில் ஏறியதும் தரை கொதிக்கிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பிக் கரையைக் குளிர்விக்கிறது; பிறகு மெல்ல நகர்ந்து திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் மேல்காற்று பலத்துவிட்டால், கடற்காற்று நேரங்கழித்தே வரும். சில நாள் வருவதேயில்லை. அன்று கடலோரத்திலும் அனல்தான். மேல்காற்று நாளில் இன்னோர் அபாயமும் உண்டு. குழந்தைகள் ஏறி மிதக்கும் ரப்பர் வளையத்தை அது சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். அத்தகைய நாளில் வளையத்தை வீட்டிலேயே விட்டுப் போவது நலம்.

கடற்காற்றும் மேல்காற்றும் மோதுகிற இடத்தில் பிற்பகலில் கருமேகம் திரள்வதுண்டு. மேற்கே இடி கேட்டால் மணலை விட்டு உடனே புறப்பட்டுவிட வேண்டும். வெட்டவெளி மணலில் மின்னலுக்கு முதலில் தெரிவது மனிதன் தலைதான். சவுக்குத் தோப்பும் தென்னை மரமும் தஞ்சம் ஆகமாட்டா. கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். மே மாதத்தில் வங்கக் கடலில் புயல் பிறப்பதும் உண்டு. 2010-ல் லைலா ஆந்திரக் கரையையும், 2020-ல் அம்பன் வங்காளத்தையும் தாக்கின. அவை நம் கரையில் ஏறாவிட்டாலும், அவற்றின் அலைகள் இங்கு வரத் தடையில்லை. ஆகவே சென்னை வானிலை மையத்தின் அறிக்கையையும் ஒரு கண் பாருங்கள்.

இடத்தையும் ஆராய வேண்டும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் பிற்பகுதியில் கல் தடுப்புகள் கட்டிய பிறகு, வடக்கு நோக்கிப் போகும் மணல் அங்கே தடைப்பட்டது. அதன் பயனாய் வடக்கேயுள்ள கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பகுதிகளில் கடல் கரையை அரித்தது. அதைத் தடுக்கக் கற்கள் குவிக்கப்பட்டன. மணற்கரையை நினைத்துப் போகிறவர் பல இடத்தில் பாறைக் குவியலைக் காண்பார். கல் குவியலின் ஓரமாக நீரோட்டம் திரும்பி வலுவாய் ஓடும். அங்கே இறங்கவே கூடாது.

*

சுருங்கச் சொன்னால் நமது யோசனை இது: விடியலில் கரையில் இருங்கள், ஒன்பது மணிக்கெல்லாம் நீரை விட்டு ஏறிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மேலும் ஏறும் என்பதை மறவாதீர்கள். முழங்காலுக்கு மேல் குழந்தைகளை விடாதீர்கள். அப்போதும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பானை நிறையத் தண்ணீரும் மோரும் கொண்டுபோங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக் காலம். ஆகவே கோடையில் கரையிலே வலை பழுது பார்க்கும் பெரியவர் ஒருவராவது அகப்படுவார். "இன்றைக்குக் கடல் எப்படி?" என்று அவரைக் கேளுங்கள். அந்தக் கேள்வியினால் நமக்குக் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

அவரும் இல்லையென்றால், மணலில் ஒரு தேங்காய் மட்டை கிடக்கும். அதை எறிந்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். அது திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.