எடை குறைந்தது, வலிமையும் குறைந்தது

தேகப்பயிற்சி என்றவுடன், அது வாலிபர்க்கு உரியது, குடும்பபாரம் சுமப்போர்க்கு அதற்கு நேரமேது என்று நம்மவர் ஒதுக்கிவிடுவது வழக்கம். யானும் அவ்வாறு ஒதுக்கியிருந்தவனே.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், தங்கவயல் மக்களின் உழைப்பே உருமாறிவிட்டது. நம் பாட்டனார்கள் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கிப் பாறை உடைத்தவர்கள். நாமோ விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் பகல் முழுதும் நாற்காலியில் அமர்ந்து, இரவில் திரும்பி, வயிறு நிறையச் சோறுண்டு உறங்குகிறோம். ரயில்வே குமாஸ்தாவாகிய என் எடை பத்தாண்டுகளில் 88 கிலோவாயிற்று.

சென்ற ஆண்டு மருத்துவர் எச்சரித்ததன்பேரில் இரவுணவை அறவே நிறுத்தினேன். காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் மட்டுமே. ஐந்து மாதத்தில் 11 கிலோ குறைந்தது. அலுவலகத்தில் பாராட்டாதவர் இல்லை. ஆயினும் ஓரிரவு, சுரங்கத் தூசியால் நுரையீரல் பழுதுற்ற என் தந்தையாரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற முயன்றபோது, என் கைகள் நடுங்கின. பாதியிலேயே அவரை மீண்டும் அமர்த்திவிட நேர்ந்தது. ஐம்பது கிலோவுக்கும் குறைந்த உடல் அது. கொழுத்திருந்த காலத்தில் யான் தனியே தூக்கிய உடல். அண்டை வீட்டுத் தம்பியை அழைத்துவர வேண்டியதாயிற்று. தந்தையார் ஒன்றும் கூறவில்லை, கூறியிருந்தால் தேவலை.

உணவை மட்டும் குறைப்போர்க்கு நேர்வது இதுதான். பட்டினியில் உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. இழக்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியாக இருக்கக்கூடும். இந்தியராகிய நமக்கோ தொடக்கத்திலேயே தசைச்செல்வம் குறைவு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் என்பாரும் ஆங்கிலேய நண்பர் யுட்கின் என்பாரும் தம் உடல்களையே ஒப்பிட்டு 2004இல் லான்செட் இதழில் ஒரு படத்துடன் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவர்க்கும் 22.3 தான். கொழுப்போ ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! தராசு முள்ளை மட்டும் நம்புவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பரணில் துருவேறிக் கிடந்த டம்பெல் இரண்டையும் இறக்கினேன். வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கியவை. அக்காலத்தில் கே. வி. ஐயரின் படங்களைப் பார்த்து வியந்தவன் யான். பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக்கூடம் நடத்தி, அஞ்சல் வழியாகவும் உடற்பயிற்சி கற்பித்த பெரியார் அவர். கன்னடத்தில் நாவலும் எழுதியவர். அந்நினைவின் மிடுக்கில், முதல் நாளே பழைய எடையைத் தூக்கினேன். ஒரு வாரம் முதுகை நிமிர்த்த இயலவில்லை. மனைவியார் கொடுத்த ஒத்தடத்தோடு வசவும் கிடைத்தது.

அதன் பிறகே தந்தையார் வாய் திறந்தார். "முதுக வளைக்காதப்பா. கால ஊனி எழுந்திரு. நாங்க கீழே கட்டைய அப்படித்தான் தூக்குவோம்." எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பழைய எடையில் பாதியில் தொடங்கினேன். வாரம் மூன்று இரவுகள், அரைமணி நேரம். நம் லைன் வீட்டின் முன்னறையில் பாயை விரித்தால் இடம் போதும். அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி, தண்டால், டம்பெலைத் தோளுக்கு மேல் உயர்த்துதல், குனிந்து இடுப்பளவுக்கு இழுத்தல், இவ்வளவே. மூச்சை அடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். ஆகவே தூக்கும்போது மூச்சை வெளிவிடுதல் நலம். நெஞ்சுநோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

உணவிலும் மாற்றம் செய்தேன். களியை விடவில்லை, அளவைக் குறைத்து, கொள்ளும் பருப்பும் முட்டை இரண்டும் சேர்த்தேன். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். சாதாரண வாழ்வுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. எடையைக் குறைத்துக்கொண்டே பயிற்சி செய்வோர்க்கு அதனினும் மிகுதியாக வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர்க்கு இது பொருந்தாது.

இடையில் விட்டவர் அஞ்ச வேண்டியதில்லை. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வில், நடுவே பத்து வாரம் ஓய்ந்து மீண்டும் தொடங்கியோர், இறுதியில் இடைவிடாது பயின்றோர்க்கு இணையாகவே நின்றனர். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். தொடையில் அடிபட்டுத் தேறி, 2018இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர் அவர்.

இப்போது ஐந்தாம் மாதம். என் எடை மேலும் இரண்டு கிலோவே குறைந்திருக்கிறது. இடைவாரில் மட்டும் புதிதாய் ஒரு துளை போட நேர்ந்தது. நேற்றிரவு தந்தையாரைக் கட்டிலுக்கு மாற்றினேன். போர்வையை இழுத்துக்கொண்டே, "கால ஊனினியா?" என்று கேட்டார்.