மதுரையில் இரண்டு நாட்கள்

ஊரிகத்தில் வாழும் நம்மவர் ஓய்வு கிடைத்தால் மைசூருக்குப் போவர். திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் போவர். மதுரைக்குப் போவோர் மிகச் சிலரே. வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்த குடும்பங்களுக்கு மதுரை உறவூர் அன்று. அங்கே நமக்குப் பெண் கொடுத்தாரும் இல்லை, எடுத்தாரும் இல்லை. ஆயினும் அந்நகரைக் காண வேண்டுமென்னும் ஆவல் எமக்கு நெடுநாளாய் உண்டு. இரயில்வே ஊழியர்க்குரிய பாஸ் கையில் இருந்தது. குழந்தைகளைப் பாட்டியின் பொறுப்பில் விட்டு, யாமும் எம் துணைவியாரும் சென்ற தைத் திங்களில் புறப்பட்டோம்.

பெங்களூர் சென்று, மைசூரிலிருந்து தூத்துக்குடி போகும் இரவு வண்டியில் ஏறினால், சேலம், திண்டுக்கல் கடந்து, பொழுது விடிந்தபின் மதுரையில் இறங்கலாம். நிலையத்திலிருந்து கோயில் நடை தூரமே. தங்கும் விடுதியில் பேரேட்டில் ஊர்ப்பெயர் எழுதியதைப் பார்த்த எழுத்தர், “கர்நாடகத்திலிருந்து வந்தும் தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே!” என்று வியந்தார். “நாங்கள் வேறென்ன பேசுவோம், அண்ணே?” என்றார் துணைவியார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். இருந்தும் மாடிப்படி ஏறி முடியும்வரை யாம் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மதுரையின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நலம். நடுவே திருக்கோயில். மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாய்த் தெருக்கள் சூழ்கின்றன. கடைசியாக வருவது வெளி வீதி. அது பழைய கோட்டை மதில் நின்ற இடம். அம்மதிலை 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் இடிப்பித்தார். எத்தெருவில் வழி தவறினாலும் தலை நிமிர்ந்து கோபுரம் தேடினால் போதும்.

கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக இயலாது. வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். இது பெரிய நன்மை என்பது எம் கருத்து. படம் பிடிக்க வழியில்லாததால் கண்ணாலேயே பார்க்க வேண்டியதாயிற்று. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985 என்பதை அங்கேதான் அறிந்தோம். பொற்றாமரைக் குளத்தின் படியில் அரை மணி நேரம் வாளா அமர்ந்திருந்தோம்.

எமக்கு வாய்த்த வழிகாட்டி சிற்பங்களைப் பற்றி மடைதிறந்தாற்போல் பேசினார். ஆனால் 1939 ஜூலை 8 பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றுதான் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு இக்கோயிலுக்குள் நுழைந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு துணை நின்றார். ஆலயப் பிரவேசம் செய்தோரையும் செய்வித்தோரையும் காக்க இராஜாஜி அரசு சட்டம் இயற்றியது அதன் பிறகே. அதற்கு முன், 1934-இல் மதுரைக்கு வந்த காந்தியடிகள், எல்லோர்க்கும் திறவாத கோயிலுக்குள் வர மறுத்தார். 1946-இல்தான் உள்ளே வந்தார்.

இது எமக்கு ஏட்டுச் செய்தி அன்று. எம் பாட்டனாரின் தந்தையார் குடியாத்தத்தை அடுத்த சிற்றூரின் சேரியில் பிறந்தவர். ஊர்க்கோயிலின் தேர் வீதியில் கால் வைத்தறியார். ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கத்துக்கு ஆள் வேண்டுமென்று கேட்டு இங்கு வந்தவர், திரும்பிப் போகவேயில்லை. கூலிக்காக வந்தார் என்பர். கூலிக்காக மட்டும் வந்தார் என்று யாம் ஒப்ப மாட்டோம்.

துணைவியார் வழிகாட்டியிடம், “அவர்கள் எந்த வாயில் வழியாக வந்தார்கள்?” என்று கேட்டார். “அதெல்லாம் பழைய கதை அம்மா, கிளிக்கூட்டு மண்டபம் பாருங்கள்” என்றார் அவர். யாம் கிழக்கே நுழைந்து மேற்கே வெளிவந்தோம்.

நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவர். மாலை 4 மணிக்கே திறக்கும். அந்த இடைவேளையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. பேரர் சொக்கநாத நாயக்கர் பெரும்பகுதியைக் கழற்றித் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். தாத்தா கட்டியதைப் பேரன் பிரித்தான் என்றதும், 2001-இல் மூடிய நம் சுரங்கங்களின் நினைவு வந்தது. அதை விரித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

தெற்காவணி மூல வீதி முழுதும் நகைக்கடைகள். தங்கவயல்காரர் தங்கம் பார்க்கப் போனால் எப்படியிருக்கும்! நம் வயல் ஈன்ற பொன் 800 டன்னுக்கு மேல் என்பர்; சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. துணைவியார் ஒரு மோதிரத்தை விரலில் இட்டுப் பார்த்தார். விலையைக் கேட்டதும் கழற்றி வைத்துவிட்டு, “எங்கள் தாத்தா தூசி தின்று எடுத்தது” என்று எமக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். எதிரே ஜிகர்தண்டா வாங்கிப் பருகினோம்.

மறுநாள் காலை தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகம். இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்ட அன்று அடிகள் உடுத்தியிருந்த குருதிக்கறைத் துணி அங்கே உள்ளது. அவர் அரையாடை பூண்டதும் இதே மதுரையில்தான். 1921 செப்டம்பரில், மேலமாசி வீதி வீடொன்றில்.

அன்று மாலை மீண்டும் கோயில். இம்முறை தெற்கே நுழைந்தோம். இரவில் சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் பள்ளியறை செல்லும் வழக்கம் நாள்தோறும் உண்டு. இதைக் காணாமல் எவரும் திரும்ப வேண்டா. தீவட்டியும் நாதசுரமும் நெருங்க, கூட்டம் நெருக்கியது. துணைவியார் வழக்கம்போல் ஓரமாக ஒதுங்கினார். பக்கத்தில் நின்ற பாட்டியொருவர் அவர் கையைப் பற்றி இழுத்து, “ஏன் தள்ளி நிக்கிற தாயி? முன்னால வா” என்று தமக்கு முன்னே நிறுத்திக்கொண்டார். பல்லக்கு அவர்கள் இருவரையும் உராய்வதுபோல் கடந்து போயிற்று.

குங்குமப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு வடக்குக் கோபுரம் வழியே வெளிவந்தோம்.