பட்டையும் பட்டறிவும்

நுழையும்முன்

தற்காப்புக் கலை இளமைக்கும் உடல் வலிமைக்கும் உரியது என்பது பொதுவான எண்ணம். ஆனால், நடுவயதில் அதனைக் கற்கத் தொடங்குவோரும் முதுமைவரை விடாது பயில்வோரும் உலகெங்கும் உள்ளனர். இருபது வயதினரை அளக்கும் அளவுகோலால் அறுபது வயதினரையும் அளக்கலாமா? ஜப்பானியக் கலைகளின் வழி இவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

படிநிலைகளின் தோற்றம்

ஜிகோரோ கானோ 1882ஆம் ஆண்டு டோக்கியோ நகரில், பௌத்தக் கோயில் ஒன்றில் பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில் ஜூடோ கற்பிக்கத் தொடங்கினார். அப்பயிற்சிக்கூடமே கோடோகான். மாணவரின் வளர்ச்சியைக் குறிக்க அவர் ஒரு முறையை விரும்பினார். 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் ஆடுவோரின் திறனைக் குறிக்க வழங்கிய 'டான்' என்னும் படிநிலையை ஜூடோவிற்குக் கொண்டுவந்தார். 1883ஆம் ஆண்டு மாணவர் இருவர் முதன்முதலாக அதனைப் பெற்றனர். பின்னர்க் கராத்தே, கெண்டோ முதலிய கலைகளும் இம்முறையை ஏற்றன.

கறுப்புப் பட்டையைப் பயிற்சியின் முடிவு எனப் பலர் கருதுகின்றனர். முதல் டானை ஜப்பானியர் 'ஷோடான்' என்பர். தொடக்கப்படி என்பதே அதன் பொருள். அடிப்படைகளைக் கற்றுத் தேர்ந்தவர் உண்மையான கல்விக்குள் நுழைகிறார் என்பதையே அப்பட்டை உணர்த்துகிறது.

சலுகையும் மாற்றுவழியும்

வயது ஏற ஏறத் தசைவலிமை குறையும். அடிபட்டால் ஆறுவதற்கு நாள் பிடிக்கும். ஆகவே, இளைஞரை வீழ்த்தினால்தான் அடுத்த படி என்று விதித்தால், முதியோர் பலருக்குக் கதவு அடைபடும். மாறாக, வயதைக் காட்டித் தேர்வை எளிதாக்கினால், பெற்ற பட்டைக்கு மதிப்பு இராது. தம்மிடம் இல்லாத திறன் இருப்பதாக நம்பி ஒருவர் ஆபத்தை எதிர்கொள்ளவும் நேரிடலாம். ஆகவே, இரக்கத்தால் அளிக்கும் தகுதி மாணவருக்கு நன்மை செய்வதன்று.

இச்சிக்கலைத் தீர்க்கும் வழி ஜூடோவின் அமைப்பிலேயே உள்ளது. அதன் பயிற்சி இருவகைப்படும். எதிராளியோடு தடையின்றி மோதிப் பழகுவது 'ராண்டோரி'. முன்னரே வகுத்த அசைவுகளை இருவர் முறைப்படி நிகழ்த்துவது 'கதா'. முன்னதில் வேகமும் வலிமையும் மிகுதியாகத் தேவைப்படும். பின்னதில் சமநிலை, காலம் அறிதல், துல்லியம் ஆகியவை வெளிப்படும். முதிய மாணவரின் தேர்வில் கதாவிற்குக் கூடுதல் இடம் அளிக்கும்போது அளவுகோலின் தரம் தாழ்வதில்லை. அளக்கப்படும் திறனே மாறுகிறது. சலுகை வேறு, மாற்றுவழி வேறு.

காத்திருப்பும் ஒரு தேர்வு

ஜப்பானிய வாள்பயிற்சிக் கலையான கெண்டோ, வயதை மற்றொரு கோணத்தில் நோக்குகிறது. முதல் டான் பெற்றவர் இரண்டாம் டானுக்கு ஓராண்டும், மூன்றாம் டானுக்கு மேலும் ஈராண்டுகளும் பயில வேண்டும். இவ்வாறு இடைவெளி படிக்குப்படி வளர்கிறது. ஏழாம் டானை எட்டவே குறைந்தது 21 ஆண்டுகள் ஆகும். அதன்பின் பத்தாண்டுகள் கடந்து, 46 வயது நிறைந்தவரே எட்டாம் டான் தேர்வை எழுத்தாலன்றி வாளால் எதிர்கொள்ளலாம். தேர்வர்களுள் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே தேர்ச்சி பெறுவதுண்டு. பலமுறை தோற்றும் அறுபது, எழுபது வயதுகளில் மீண்டும் வருவோர் உளர். எத்தனை அடிகள் அடித்தார் என்பதைவிட, நிற்கும் நிலையையும் உள்ளத்தின் உறுதியையும் தக்க நொடியை அறியும் நுண்மையையும் நடுவர்கள் நோக்குவர். இங்கு வயது குறையன்று. தகுதியின் ஒரு கூறு.

அளவுகோலையும் அளக்க வேண்டும்

விதிகள் எப்போதும் நேர்மையானவை என்று கூற இயலாது. கெய்கோ ஃபுக்குடா (1913–2013) கானோவிடம் நேரடியாகப் பயின்றவர். ஐந்தடி உயரமும் இல்லாதவர். 1953ஆம் ஆண்டு ஐந்தாம் டான் பெற்றார். பெண்களுக்கு அதற்குமேல் படிநிலை இல்லை என்பது அன்றைய விதி. அவரது திறமோ வயதோ தடையாக இல்லை. பெண் என்பதே தடையாயிற்று. அவ்விதியை எதிர்த்துக் கடிதங்கள் குவிந்தன. 1972ஆம் ஆண்டு அவருக்கு ஆறாம் டான் வழங்கப்பட்டது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கற்பித்துவந்த அவருக்கு 92ஆம் வயதில் கோடோகான் ஒன்பதாம் டானையும், 98ஆம் வயதில் அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டானையும் அளித்தன. முதுமையில் பிறரைத் தூக்கி எறிந்து அவர் அப்படிகளைப் பெறவில்லை. எழுபதாண்டுகளுக்கு மேலாகக் கற்றதும் கற்பித்ததும் அவரது தகுதியாயின.

ஒரு கலையில் தகுதியை வரையறுப்போர் மூன்றினைக் கருத வேண்டும் என்பதை இச்செய்திகள் உணர்த்துகின்றன. மாணவரின் உடலுக்கு ஏற்ற தேர்வு வேண்டும். அத்தேர்வு உண்மையான திறனை வெளிக்கொணர வேண்டும். திறனோடு தொடர்பற்ற தடைகள் நீங்க வேண்டும். இம்மூன்றும் அமையுமாயின், ஐம்பது வயதில் முதல் பாடம் கற்பவரும் தம் பட்டையைத் தலைநிமிர்ந்து அணியலாம்.

தெரிந்து தெளிவோம்

கொரியக் கலையான டேக்வாண்டோவில் 15 வயதுக்கு உட்பட்டோர் கறுப்புப் பட்டைக்கு இணையான தேர்வில் வென்றால், 'டான்' எனக் குறிக்காமல் 'பூம்' எனத் தனிப்பெயரால் குறிப்பர். அவர்கள் அணியும் பட்டையில் சிவப்பும் கறுப்பும் கலந்திருக்கும். வயதுக்கேற்ற அளவுகோல் முதியோர்க்கு மட்டுமன்றி இளையோர்க்கும் உண்டு.