பிரேசிலுக்குப் பணம்: பெட்டிக்குள் டாலர் முதல் 29 இலக்கம் வரை

பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் கொவெர்னாடோர் வலடாரெஸ் என்றொரு ஊர். 1980-களில் அங்கிருந்து சாரிசாரியாக அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். வீடு துடைத்தும் தட்டு கழுவியும் சம்பாதித்த டாலர், ஊரில் வீடாகவும் கடையாகவும் எழுந்தது. பணம் வந்த வழி பெரும்பாலும் வங்கி அல்ல. ஊருக்குப் போகிறவரின் பெட்டியில் வரும். இல்லையென்றால் கள்ளச்சந்தை டாலர் வியாபாரி கைமாற்றுவார். குறை சொல்ல முடியாது. 1986-க்கும் 1994-க்கும் நடுவே பிரேசில் நாணயமே ஐந்து தடவை மாறியது. அரசு சொன்ன டாலர் விலை ஒன்று, தெருவில் கிடைத்த விலை வேறு.

வங்கி வழியாக அனுப்பியவர்களுக்கு முன்பெல்லாம் டெலக்ஸ்தான். தொகை, தேதி, நாணயம் மூன்றையும் ரகசியக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு ஊழியர் ஒரு சோதனை எண்ணைக் கணக்கிட்டு அடிப்பார். மறுமுனையில் அதே கணக்கு. எண் பொருந்தாவிட்டால் பணம் நகராது. இந்தத் தலைவலிக்கு மருந்தாக 1973-இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் என்ற வங்கிச் செய்தி வலையமைப்பைத் தொடங்கின. 1977-இல் அது இயங்கத் தொடங்கியது.

இன்று ஸ்விஃப்ட் கோடு எட்டு எழுத்து. கிளையையும் சேர்த்தால் பதினொன்று. முதல் நான்கு வங்கி, அடுத்த இரண்டு நாடு, அதற்கடுத்த இரண்டு இடம். பாங்கோ டு பிரேசிலின் கோட்டில் இடத்தைக் குறிப்பவை 'ஆர்.ஜே.', அதாவது ரியோ டி ஜெனிரோ. ரியோவில் இருந்த தலைநகரம் 1960-இலேயே பிரேசிலியாவுக்குப் போய்விட்டது. வங்கித் தலைமையகமும் அங்கேதான். கோடு மட்டும் இன்னும் ரியோவில் குடியிருக்கிறது!

ஸ்விஃப்ட் கோடு வங்கியின் வாசல் வரைதான். உள்ளே யார் கணக்கு என்று சொல்ல பிரேசில் 2013-இல் ஐபான் எண்ணைக் கொண்டுவந்தது. மொத்தம் 29 இலக்கம்: நாட்டுக்கு இரண்டு எழுத்து, சரிபார்ப்புக்கு இரண்டு எண், வங்கிக்கு எட்டு, கிளைக்கு ஐந்து, கணக்குக்குப் பத்து. கடைசி இரண்டில் ஒன்று கணக்கின் வகை, மற்றது அதன் உரிமையாளர்களில் எத்தனையாவது ஆள் என்பது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால், 97-ஆல் வகுத்துப் பார்க்கும் கணக்கு அப்போதே பிடித்துவிடும். டெலக்ஸ் ஊழியரின் வேலையை இப்போது எண்ணே பார்த்துக்கொள்கிறது. ஸ்விஃப்ட் கோட்டுக்கு இந்தக் காவல் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2020 நவம்பரில் பிக்ஸ் என்ற உடனடிப் பணமாற்று முறை வந்தபின் பிரேசிலுக்குள் கைபேசி எண் ஒன்றே போதும், நொடியில் பணம் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வங்கிக்கு வங்கி அனுப்புவதில் அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். வழியில் உள்ள இடைவங்கி கமிஷன் பிடிக்கலாம். டாலரை பிரேசில் நாணயமான ரெயாலாக மாற்ற பெறுபவரின் வங்கி அவருடைய ஒப்புதலையும் ஆவணத்தையும் கேட்கலாம். பெறுபவரின் 11 இலக்க வரி எண்ணான சி.பி.எஃப். இல்லாமல் பெரும்பாலும் வேலை நடக்காது.

ஆகவே அனுப்புகிறவர்கள் இணையத்தில் கண்ட பட்டியலைப் பார்த்து கோடு போடாதீர்கள். பெறுபவரை அவருடைய வங்கியிலேயே கேட்டு எழுதி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.