நஞ்சு தின்ற தசை மீண்டும் வளருமா?

தசை எப்படி மீள்கிறது என்று ஆராயும் கூடங்களில் முதல் வேலை, தசையை அழிப்பதுதான். அதற்குப் பல காலமாகக் கைகொடுப்பது பாம்பின் நஞ்சு. ஆப்பிரிக்க நாகத்தின் நஞ்சிலிருந்து பிரித்த கார்டியோடாக்சின், ஆஸ்திரேலியப் புலிப்பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்த நோடெக்சின் ஆகியவற்றில் ஒன்றைச் சுண்டெலியின் கால் தசையில் ஊசியால் ஏற்றுவார்கள். ஓரிரு நாளில் தசை இழைகள் சிதைந்துவிடும். மூன்று, நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் தசை ஏறக்குறைய பழையபடி நிற்கும். யாரும் அதற்கு மருந்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று மலையில் கொழுந்து பறிப்பவர்கள் இதை லேசில் நம்பமாட்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும் கூன்மூக்கு விரியன், சிங்களத்தில் குணகட்டுவா, கையில் கடித்தால் விரல் வீங்கிக் கொப்புளம் போடும். சிலருக்குச் சதை கறுத்துச் செத்துவிடும். இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் நச்சுப்பாம்பு இதுதான். உயிர் போவது அரிது என்றாலும், விரலை எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. அங்கேயும் நஞ்சு, இங்கேயும் நஞ்சு. எலிக்குத் திரும்பி வந்த சதை மனிதருக்கு ஏன் வரவில்லை? இதற்கான விடைக்குள்ளேதான் ‘ஸ்டெம் செல்’ எனப்படும் குருத்துக்கலங்களின் மருத்துவம் முன்னேறியதும் முட்டிக்கொண்டு நின்றதும் அடங்கியிருக்கின்றன.

நம் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் எலும்போடு ஒட்டிய தசை. அதன் இழைகள் முதிர்ந்தபின் பிரிந்து பெருகுவதில்லை. அப்படியிருந்தும் சுளுக்கு ஆறுகிறது, வெட்டு ஆறுகிறது. காரணம் 1961இல் தெரிந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மாரோ, தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒவ்வோர் இழையின் ஓரத்திலும் சின்னஞ்சிறு கலங்கள் ஒட்டிக் கிடந்தன. இழையின் சவ்வுக்கும் அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்கும் இடையில் அவற்றின் இருப்பிடம். ‘சாட்டலைட் செல்’ என்று பெயர் வைத்தார். தசைக்கே உரிய குருத்துக்கலங்கள் இவைதான். சாதாரண நாளில் தூங்கிக் கிடக்கும். இழை கிழிந்தால் விழித்து, பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புதிய இழையாகும். சில மட்டும் அடுத்த காயத்துக்காகத் திரும்பவும் உறங்கப் போய்விடும். 2011இல் பல ஆய்வுக்கூடங்கள் எலிகளில் இந்தக் கலங்களை மட்டும் நீக்கிப் பார்த்தன. காயம் ஆறியது, தசை வளரவில்லை.

மலைநாட்டு வாசகருக்கு இதைக் கவ்வாத்தை வைத்துச் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கும் கீழே வெட்டிவிட்டால், பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் எழுந்து துளிர்க்கின்றன. ஆனால் மொட்டு இருந்தால் மட்டும் போதாது. வேரில் மாச்சத்துச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய செடி பட்டுப்போகும். அதனால்தான் கவ்வாத்துக்கு முன்னே வேரை நறுக்கி அயடின் தடவிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. தசையிலும் இதே கணக்குத்தான் என்பதை உணர்ந்துகொள்ள மருத்துவ உலகம் கொஞ்சம் விலை கொடுத்தது.

அந்த விலை டுஷேன் தசைச்சிதைவு நோயில் கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் மரபணு நோய் இது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் இழைகள் கிழிந்துகொண்டே இருக்கும். குருத்துக்கலங்கள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் களைத்துவிடும். பத்து, பன்னிரண்டு வயதுவாக்கில் பிள்ளை நடையை இழக்கும். 1989இல் லண்டனில் டெரன்ஸ் பார்ட்ரிட்ஜும் கூட்டாளிகளும், நல்ல தசையின் இளங்கலங்களை நோயுள்ள எலிக்கு ஏற்றி, இல்லாத புரதத்தை அதன் இழைகளில் வரவழைத்தார்கள். நம்பிக்கை பொங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் 12 சிறுவர்களுக்கு ஒரு கையின் புயத்தசையில் மாதம் 11 கோடி கலங்கள் வீதம் ஆறு மாதம் ஏற்றினார்கள். மறு கைக்கு வெறும் ஊசி. 1995இல் முடிவு வெளியானது. இரண்டு கைகளின் பலத்திலும் வித்தியாசமே இல்லை.

என்ன ஆயிற்று அந்தக் கோடிக்கணக்கான கலங்களுக்கு? ஏற்றிய சில நாட்களிலேயே பெரும்பாலானவை செத்தன. மிஞ்சியவை ஊசி போன தடத்தை விட்டு நகரவில்லை. பிறருடைய கலங்கள் என்பதால் உடலின் எதிர்ப்பாற்றல் வேறு அவற்றைத் தாக்கியது. இதைவிடச் சங்கடமான உண்மை 2005இல் வந்தது. லண்டன் ஆய்வாளர்கள் கலங்களைப் பிரித்தெடுக்காமல், ஒரே ஒரு தசை இழையை அதில் ஒட்டியிருந்த கலங்களோடு அப்படியே எலிக்கு மாற்றி வைத்தார்கள். ஏழெட்டுக் கலங்கள்தான் இருந்திருக்கும். அவற்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இழைகள் உருவாயின. இருந்த வீட்டோடு போன ஏழு, வீடிழந்து போன 66 கோடியை விஞ்சிவிட்டது.

வீடு என்பது வெறும் இடம் அல்ல. 2010இல் ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவின் குழு காட்டியது இன்னும் வியப்பு: கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் இந்தக் கலங்கள் குருத்துத்தன்மையை இழக்கின்றன, தசையின் மென்மைக்கு ஒத்த மெதுவான கூழில் வளர்த்தால் தக்கவைக்கின்றன.

இனி விரியனிடம் திரும்பலாம். நடு அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவில் கிளோடோமிரோ பிகாடோ நிறுவனம் என்ற நஞ்சுமுறி நிலையம் இருக்கிறது. அங்கே ஹோசே மரியா குட்டியரெஸ் 1980கள் முதல் அந்நாட்டுக் குழிவிரியனின் நஞ்சைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார். தசையை மட்டும் தாக்கும் நச்சை ஏற்றினால் எலித்தசை நன்றாக மீண்டது. இரத்தக்குழாயை உடைத்துக் குருதியைக் கசியவிடும் பகுதியும் சேர்ந்தபோதோ மீளவில்லை. தசை இருந்த இடத்தைத் தழும்பு நிரப்பியது. ஆய்வுக்கூடத்து நாக நச்சு இழையை மட்டும் கரைக்கிறது. உறை, நுண்குழாய், நரம்பு, உறங்கும் கலங்கள் எல்லாம் தப்பிவிடுகின்றன. விரியனின் நஞ்சு உறையையும் குழாயையும் சேர்த்தே அழிக்கிறது. குருத்துக்கலம் விழித்தாலும் படுக்கை இல்லை, பால் இல்லை.

கடிபட்ட கையைக் கயிற்றால் இறுகக் கட்டுவதும் கடிவாயைக் கத்தியால் கீறுவதும் எதனால் தவறு என்பதும் இதிலேயே விளங்கும். நஞ்சு பாதி செய்த வேலையை, இரத்த ஓட்டத்தை நிறுத்தி நாமே முடித்துக் கொடுக்கிறோம். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைவதுதான் முறை. டிக்கோயாக்காரர்களுக்குக் கிளங்கன் ஆதார வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டிய அதன் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. குறை வேறிடத்தில். இந்தியாவிலிருந்து வரும் நஞ்சுமுறி, நாகம், கண்ணாடி விரியன் முதலிய நான்கு பாம்புகளுக்கானது. கூன்மூக்கு விரியனுக்கு அது பயன்படாது. பேராதனைப் பல்கலைக்கழக வைத்தியர்கள் அதே கோஸ்டா ரிக்கா நிலையத்தோடு கைகோத்து, இந்த விரியனையும் உள்ளடக்கிய இலங்கைக்கான நஞ்சுமுறியை உருவாக்கி எலிகளில் சோதித்த முடிவுகள் 2016இல் வெளியாயின.

சிறுத்தை பிடுங்கிய சதை, இயந்திரத்தில் அகப்பட்ட கை என்று தசையின் பெரும்பகுதியே போய்விட்டால் கதை வேறு. அங்கே மீதிக் கலங்களால் பள்ளத்தை நிரப்ப முடியாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஸ்டீபன் பாடிலாக் பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து கலங்களை எல்லாம் கழுவி நீக்கி, எஞ்சிய சல்லடை போன்ற உறையைக் காயத்தில் வைத்துத் தைத்தார். வெளியிலிருந்து ஒரு கலம்கூட ஏற்றவில்லை. நோயாளிகளுக்கு உடனடியாக உடற்பயிற்சி தொடங்கியது. 2014இல் வெளியான முதல் அறிக்கையில் ஐவரில் மூவருக்குப் பலம் கூடியிருந்தது. சொற்ப எண்ணிக்கைதான். ஆனாலும் விதையைவிட நிலத்தைப் பார்த்த இந்த வழியே கோடிக்கணக்கில் கலம் ஏற்றிய வழியைவிடப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

கலம் ஏற்றுவது அறவே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. தொண்டைத் தசை தளர்ந்து விழுங்க முடியாமல் போகும் ஒருவகை நோயில், பாரிஸ் வைத்தியர்கள் 12 பேருக்கு அவரவர் நல்ல தசையிலிருந்தே கலம் எடுத்து வளர்த்துத் தொண்டையில் ஏற்றினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலோருக்கு விழுங்கும் திறன் மேலும் குன்றவில்லை என்று 2014இல் எழுதினார்கள். சின்னத் தசை, சொந்தக் கலம்: எதிர்ப்பும் இல்லை, நெடுந்தூரம் நகர வேண்டிய தேவையும் இல்லை. கால் முழுக்க, நெஞ்சு முழுக்கச் சிதையும் டுஷேனுக்கு இந்த வசதி கிடையாது.

இந்த இடைவெளியில்தான் கடைகள் முளைக்கின்றன. சிகிச்சைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் இலங்கையர் பலர். அங்கே ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் பிள்ளை எழுந்து நடப்பான்’ என்று விளம்பரம் பார்த்தால் மனம் தடுமாறத்தான் செய்யும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை தெளிவாகவே இருக்கிறது: இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான எலும்பு மச்சை மாற்று போன்றவை மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை, மற்றவை அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே நடந்தால் தொழில்முறைத் தவறு. உண்மையான பரிசோதனையில் சிகிச்சைக்கென்று நோயாளியிடம் பணம் கேட்கமாட்டார்கள். லட்சங்களில் விலை சொன்னால் அது பரிசோதனை அல்ல, வியாபாரம்.

டுஷேன் என்று சந்தேகம் உள்ள பிள்ளைக்கு இன்று கையிலிருப்பவை வேறு. ஸ்டீராய்டு மருந்து நடையைச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தருகிறது. மூட்டுகள் இறுகாமல் பார்த்துக்கொள்ளப் பயிற்சி உதவுகிறது. மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று அறியும் சோதனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. புதிதாக வந்துகொண்டிருக்கும் மருந்துகளில் சில, குறிப்பிட்ட இடத்தில் பிழையுள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்துபவை என்பதால், அந்த அறிக்கையைப் பெற்றோர் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.