நாய் கோழியைப் பிடிக்கிறதா? எக்ஸெல் ஷீட்டைத் திறங்கள்!

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பாட்டு கேட்டாச்சு, லெட்டர் டைப் பண்ணியாச்சு. அடுத்து என்ன செய்வது?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலாக எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு காரைக்காலில், அரசலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொல்லையில் அப்பாயி பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகள் வளர்க்கிறார். முட்டை விற்ற காசுதான் அவருக்குக் கைச்செலவு. மணி, தம்பி தூக்கி வந்து வளர்த்த நாய். ஒரே மாதத்தில் மூன்று கோழிகளைக் கொன்றுவிட்டது. மூன்றாவது, குஞ்சுகளோடு திரிந்த தாய்க்கோழி. அன்று அப்பாயி சாப்பிடவே இல்லை. "ஆத்துக்கு அக்கரையில கொண்டு போய் விட்டுட்டு வந்துடறேன்" என்று அப்பா கிளம்பிவிட்டார். தம்பி அழுதான். "ஒரு மாசம் டைம் குடுங்கப்பா" என்று கேட்டேன்.

நான் சாஃப்ட்வேர் என்ஜினியர். புரோகிராமில் தவறு வந்தால் உடனே கை வைக்க மாட்டோம். எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று முதலில் குறித்து வைப்போம். மணிக்கும் அதையே செய்தேன்.

ஷீட் போடுவது எப்படி?

எக்ஸெல் இல்லாவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். தேதி, நேரம், நாய் இருந்த இடம், கோழி இருந்த இடம், நடந்தது என ஐந்து தலைப்புகள் கொடுங்கள். கன்ட்ரோல் கீயோடு செமிகோலன் கீயை அழுத்தினால் இன்றைய தேதி வந்துவிடும். ஷிப்ட் கீயையும் சேர்த்து அழுத்தினால் நேரம் வரும்.

செத்த கோழிகளைப் பற்றி அப்பாயியிடம் கேட்டேன். "மூணும் வெளக்கு வைக்கிற நேரத்துலதாண்டா" என்றார். அதன்பின் மணியை நீளமான கயிற்றோடுதான் அவிழ்த்தோம். அது கோழி மேல் பாய முயன்றதையெல்லாம் குறித்தோம். மூன்று வாரத்தில் 14 வரிகள். டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்து நேரப்படி அடுக்கினேன். 11 வரிகள் மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில்!

காரணம் நாங்கள்தான். கோழிகள் இறக்கையடித்துக் கொண்டு கூடு திரும்பும் நேரம் அது. பகல் முழுதும் கட்டிக் கிடந்த மணியை நாங்கள் அவிழ்த்து விடுவதும் அப்போதுதான்.

ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என இந்த வேட்டையின் படிகளை அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேமண்ட் காப்பிங்கர் விளக்கியிருக்கிறார். நம் ஊர் சிப்பிப்பாறை நாய் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம்.

செத்த கோழியைக் காட்டி அடிப்பது வீண். அந்த நேரத்தில் செய்வதோடுதான் நாய் அடியைத் தொடர்புபடுத்தும். முன்பு செய்ததற்காக என்று அதற்குப் புரியாது. உங்களைக் கண்டு பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும். அதோடு, நாயை வதைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நாங்கள் செய்த மூன்று மாற்றங்கள்

1. கோழிகள் கூட்டில் அடைந்த பிறகே மணியை அவிழ்க்கிறோம். காலையில் தம்பி அதைக் கடற்கரை வரை ஓட்டிச் செல்கிறான்.

2. கொல்லையில் பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை அடித்தோம். மெல்லிய கோழி வலை கோழியை நிறுத்தும், நாயை நிறுத்தாது. நாய் தோண்டும் என்பதால் ஓர் அடி மண்ணுக்குள்ளும் புதைத்தோம்.

3. கோழி தெரியும், ஆனால் மணி பதறாது. அவ்வளவு தூரத்தில் கயிற்றோடு நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கோழியை விட்டு எங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியே ஒரு துண்டு ஈரல். தூரத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.

அதன் பிறகு ஒரு கோழியும் சாகவில்லை. மணி திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் பக்கத்தில் இருந்தால் சும்மா படுத்திருக்கிறது, அவ்வளவுதான். கோழிகளோடு அதைத் தனியாக விடுவதில்லை, இனியும் விட மாட்டோம். கோழி சாகாமல் காப்பது கம்பி வலையும் நேரக் கட்டுப்பாடும்தான்.

அப்பா அக்கரைப் பேச்சை விட்டுவிட்டார். அப்பாயியோ தினமும் விளக்கு வைத்ததும் கேட்கிறார்: "இன்னிக்குக் கணக்கு எழுதிட்டியாடா?"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாய் இருந்தால் விரட்டுவதற்கு முன் ஒரு ஷீட் போட்டுப் பாருங்கள்.